நாடோடியும் கிராண்ட்பாஸும் – 4: காரின் கதவு

சென்ற வாரம் நேப்பிள்ஸ் துறைமுகத்தில், 'சுவா மாரு' என்ற ஜப்பானியக் கப்பலின் ஏணிப்படியில் கதையை நிறுத்தியிருந்தோம். 1932 மார்ச் மாதம். ஏறியவர் சார்லி சாப்ளின். கூடவே அண்ணன் சிட்னி. கப்பல் கிழக்கு நோக்கி வருகிறது. வழியில் கொழும்பு.

சாப்ளினுக்கு அப்போது 42 வயது. 'சிட்டி லைட்ஸ்' படத்தின் லண்டன் வெளியீட்டுக்கென்று 1931 பிப்ரவரியில் அமெரிக்காவை விட்டுக் கப்பலேறியவர், திரும்பிப் போக மனம் வராமல் ஓராண்டுக்கு மேல் ஐரோப்பாவைச் சுற்றிக்கொண்டிருந்தார். போன இடமெல்லாம் கூட்டம். அரசர்கள், அமைச்சர்கள், எழுத்தாளர்கள் எல்லோரும் விருந்துக்கு அழைத்தார்கள். அவருக்கு உள்ளே ஒரு பயம் இருந்தது. உலகம் பேசும் படத்துக்கு மாறிவிட்டது. வாய் திறக்காத ஒரு நாடோடியை இனி யார் பார்ப்பார்கள்? அடுத்த படம் என்ன என்று கேட்டவர்களுக்குச் சொல்ல அவரிடம் எதுவும் இருக்கவில்லை.

அவர் வந்து இறங்கிய கொழும்பும் பயந்துபோய்த்தான் கிடந்தது. 1931 ஜூனில் இலங்கை மக்கள் சர்வசன வாக்குரிமையோடு முதன்முதலாக வாக்களித்தார்கள். படித்தவன், படிக்காதவன், ஆண், பெண் என்ற பேதமில்லாமல் வாக்குச் சாவடிக்குப் போன சனத்துக்கு, அதற்குப் பிந்திய மாதங்களில் அடுப்பு எரிவதே பெரும்பாடாயிற்று. தேயிலை, றப்பர், தேங்காய் மூன்றின் விலையும் உலகச் சந்தையில் விழுந்திருந்தது. தோட்டங்கள் ஆட்குறைப்புச் செய்தன. ஆயிரக்கணக்கான தொழிலாளர் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். துறைமுகத்தில் இறக்கும் சரக்கு குறைந்தால் சுமை தூக்கும் புறக்கோட்டை நாட்டாமைகளின் முதுகுக்குப் பாரம் குறையும், கைக்குக் காசும் குறையும். வேலையற்றவர்களின் கோபம் மெல்ல மெல்ல மலையாளிகள் மீதும் இந்தியத் தமிழர் மீதும் திருப்பிவிடப்பட்டது.

அந்தக் காலத்தில் கோட்டையிலிருந்து ட்ராம்கார் இரண்டு தடங்களில் ஓடியது. ஒன்று மருதானை வழியாகப் பொறளைக்கு. மற்றது புறக்கோட்டைப் பிரதான வீதியைக் கடந்து கிராண்ட்பாஸுக்கு. ஏ.ஈ. குணசிங்க தலைமையில் 1929இல் நடந்த ட்ராம் வேலைநிறுத்தத்தின் கசப்பு அந்தத் தண்டவாளங்களில் இன்னும் ஆறியிருக்கவில்லை. மருதானையில் கலவரம் மூண்டு பொலிஸ் சுட்டு உயிர்கள் போன வேலைநிறுத்தம் அது. கிராண்ட்பாஸ் ட்ராமில் ஏறிக் கடைசித் தரிப்பில் இறங்கினால் களனி ஆற்றங்கரைப் பக்கம் வந்துவிடலாம். மழை கொட்டினால் ஆற்று நீர்மட்டம் எவ்வளவு என்று இன்றைக்கும் அங்குள்ள நாகலகம் வீதி அளவைக் கொண்டுதான் கொழும்பு தன் வெள்ளத்தைக் கணக்கிடுகிறது. சிங்களவர், தமிழர், மலையாளிகள், முஸ்லிம்கள், கத்தோலிக்கர், சைவர் எல்லோரும் ஒரே குழாயடியில் வரிசை நிற்கும் பகுதி கிராண்ட்பாஸ். நெருக்கி அடித்த வரிசை வீடுகளுக்குத் 'தோட்டம்' என்று பெயர்.

சாப்ளினின் படத்தைப் பார்ப்பதற்கு இந்த மனிதர்களுக்கு எந்த மொழியும் வேண்டியதில்லை. அது சின்ன விஷயமல்ல. சிற்றம்பலம் ஏ. கார்டினர் 1928இல் தொடங்கிய சிலோன் தியேட்டர்ஸ், கொழும்பில் படம் பார்ப்பதை ஒரு பழக்கமாகவே ஆக்கிக்கொண்டிருந்த காலம். தமிழ் பேசும் படம் 1931 அக்டோபரில் 'காளிதாஸ்' மூலம் பிறந்தது. சிங்களத்தில் முதல் பேசும் படம் 1947 ஜனவரியில்தான் வந்தது, அதையும் எஸ்.எம். நாயகம் என்ற தமிழர்தான் தயாரித்தார். படம் பேசத் தொடங்கியதும், ஒரே பலகையில் அமர்ந்திருந்த கலரிக்காரர்களை மொழி பிரித்துவிட்டது. அப்படிப் பிரிக்காத கடைசி மனிதர்களில் ஒருவர் அந்தக் கப்பலில் வந்தவர்.

ஆனால் அவர் கொழும்புக்குக் கொண்டுவந்த புகழின் உச்சியில் இருந்த 'சிட்டி லைட்ஸ்' படம், பிறக்காமலே போயிருக்கக் கூடும். மாதக்கணக்கில் அது ஒரு பூக்கூடையின் அருகே அசையாமல் நின்றது.

*

ஹாலிவுட்டுக்குப் போவோம். 1928 டிசம்பர். பேசும் படம் வந்து ஓராண்டு தாண்டிவிட்டது. மற்ற ஸ்டூடியோக்கள் சுவர்களுக்குச் சத்தம் புகாத மெத்தை அடித்துக்கொண்டிருக்க, சாப்ளின் ஊமைப் படம் ஒன்றுக்குக் கமெரா முடுக்கினார். கதை எளிது. தெருவில் அலையும் ஒரு நாடோடி, கண் தெரியாத ஒரு பூக்காரியைக் காண்கிறான். அவள் அவனைப் பணக்காரன் என்று நினைத்துக்கொள்கிறாள். அந்த நினைப்பைக் காப்பாற்ற அவன் படாத பாடு படுகிறான்.

எளிது என்று சொல்லிவிட்டேன். நின்று யோசித்துப் பாருங்கள். கிழிந்த கோட்டுக்காரன் ஒருவனைக் கண் தெரியாத பெண் எப்படிப் பணக்காரன் என்று நினைப்பாள்? அவன் பேசுவது நமக்குக் கேட்காது. பேசினாலும், பேச்சை வைத்து ஏமாற்றினால் அவன் பொய்யன் ஆகிவிடுவான். பொய்யன் ஆனால் கதை செத்துவிடும். அவன் ஏமாற்றாமலே அவள் ஏமாற வேண்டும். அதுவும் ஒரு நிமிடத்தில், ஒரு தெருமுனையில், வசனம் இல்லாமல்.

பூக்காரியாக நடித்தவர் வர்ஜீனியா செரில். 20 வயதுப் பெண், நடித்துப் பழக்கமில்லாதவர். குத்துச்சண்டை பார்க்க வந்த கூட்டத்தில் சாப்ளின் கண்டெடுத்தவர். அவருக்குக் கிட்டப்பார்வை இருந்ததால், பார்த்தும் பார்க்காத அந்தப் பார்வை இயல்பாக வந்தது. ஆனால் பூவை நீட்டும் விதம் சாப்ளினுக்குப் பிடிக்கவில்லை. மறுபடி, மறுபடி என்று எடுத்துக்கொண்டே இருந்தார். அந்தச் சந்திப்புக் காட்சி 342 தடவை எடுக்கப்பட்டதாகக் கின்னஸ் சாதனைப் புத்தகம் பதிந்துவைத்திருக்கிறது. பல நாட்கள் ஸ்டூடியோவில் ஆட்கள் சம்பளத்துக்கு வந்து சும்மா உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி யோசித்துக்கொண்டிருந்தார்.

1929 அக்டோபரில் நியூயோர்க் பங்குச் சந்தை சரிந்தது. செழிப்பில் தொடங்கிய படம் பசியின் நடுவே நடந்துகொண்டிருந்தது. அந்த ஆண்டு முடியுமுன் வர்ஜீனியாவை வேலையிலிருந்து நிறுத்தினார் சாப்ளின். 'கோல்ட் ரஷ்' நாயகி ஜோர்ஜியா ஹேலை அழைத்துக் கடைசிக் காட்சியையே நடிக்கவைத்துப் பார்த்தார். ஆனால் எடுத்த படச்சுருளையெல்லாம் தூக்கியெறிந்து முதலிலிருந்து தொடங்கக் கட்டாது. நிறுத்தப்பட்ட பெண் திரும்பி வந்தார்.

கடைசியில் அந்தத் தெருமுனைக்கு விடை கிடைத்தது. விடை ஒரு காரின் கதவு.

தெருவில் வாகன நெரிசல். பொலிஸ்காரன் ஒருவன் நிற்கிறான். அவனைக் கண்டு தப்ப, நாடோடி நெரிசலில் நின்றுபோன பெரிய காரின் ஒரு கதவைத் திறந்து உள்ளே ஏறி, மறுபக்கக் கதவால் நடைபாதையில் இறங்குகிறான். கதவை மூடுகிறான். அங்கே பூக்காரி உட்கார்ந்திருக்கிறாள். கதவு மூடும் சத்தம் அவள் காதில் விழுகிறது. காரில் வந்து இறங்கும் கனவான் என்று நினைத்துப் பூவை நீட்டுகிறாள். கையிலிருந்த கடைசிக் காசைக் கொடுத்து அவன் பூவை வாங்குகிறான். அவள் மீதிச் சில்லறை எடுப்பதற்குள் காரின் சொந்தக்காரர் வந்து ஏறுகிறார். கதவு அடித்து மூடுகிறது. கார் போகிறது. சில்லறைகூட வாங்காமல் போய்விட்ட பெரிய மனம் என்று அவள் எண்ணிக்கொள்கிறாள். அவனோ அவள் அருகிலேயே நிற்கிறான். தான் நிற்பதை அவள் அறிந்துவிடக் கூடாதென்று நுனிக்காலில் நடந்து விலகுகிறான்.

இதில் ஒளிந்திருக்கும் சாமர்த்தியத்தை நினைக்க நினைக்க எனக்கு வியப்பு அடங்குவதில்லை. பேசும் படத்தை எதிர்த்து ஒரு மனிதர் எடுத்த ஊமைப் படத்தின் முழுக் கதையும் ஒரு சத்தத்தின் மேல் கட்டப்பட்டிருக்கிறது. அந்தச் சத்தம் நமக்குக் கேட்பதே இல்லை. பூக்காரிக்குக் காது உண்டு, கண் இல்லை. பார்க்கும் நமக்குக் கண் உண்டு, காது இல்லை. அவளுக்குத் தெரியாதது நமக்குத் தெரிகிறது. அவளுக்குக் கேட்பதை நாம் ஊகிக்கிறோம். இரண்டு குறைகளுக்கும் நடுவில் கிழிந்த கோட்டோடு நிற்கிறான் அவன். தியேட்டரில் இருப்பவர்கள் எல்லோரும் அவனுடைய இரகசியத்துக்குக் காவல்காரர்கள் ஆகிவிடுகிறார்கள்.

அந்த இரகசியம் உடையும் இடத்துக்கு வருமுன், படத்தில் இன்னொரு மனிதன் இருக்கிறான். அவன் கழுத்தில் கயிறு.

*

இரவு. ஆற்றங்கரைப் படிக்கட்டு. குடிபோதையில் ஒரு கோடீஸ்வரன் சாக வந்திருக்கிறான். கயிற்றின் ஒரு முனையில் கல், மறுமுனையில் அவன் கழுத்து. அவனைக் காப்பாற்ற ஓடுகிறான் நாடோடி. கயிறு இடம் மாறி நாடோடியே தண்ணீரில் விழுகிறான். நாம் சிரிக்கிறோம். 1931இல் இதைப் பார்த்த அமெரிக்கர்களுக்கு, சொத்து அழிந்து உயிரை விட்ட மனிதர்களைப் பற்றிய செய்திகள் நினைவில் இருந்தன. அவர்களும் சிரித்தார்கள். துக்கத்தின் வாசலில் வைத்துச் சிரிக்கவைப்பவனை மக்கள் எளிதில் மறப்பதில்லை.

காப்பாற்றப்பட்ட கோடீஸ்வரன் நாடோடியைக் கட்டித் தழுவுகிறான். வீட்டுக்கு அழைத்துப்போகிறான், காரைக் கொடுக்கிறான், பணத்தை அள்ளி வீசுகிறான். விடிந்து போதை தெளிந்ததும் யார் நீ என்று கேட்டு வெளியே தள்ளுகிறான். இரவு தோழன், பகலில் அந்நியன். திரும்பத் திரும்ப இதே நடக்கிறது. பொருளாதார மந்தத்தைப் பற்றி அந்த ஆண்டுகளில் எழுதப்பட்ட அறிக்கைகள் எத்தனையோ. செல்வத்தின் கருணை எப்போது வரும், எப்போது போகும் என்று ஏழைக்குத் தெரியாது என்பதை இந்த ஒரு பாத்திரத்தைவிடத் துல்லியமாகச் சொன்ன அறிக்கையை நான் படித்ததில்லை.

நாடோடி குப்பை அள்ளுகிறான். குத்துச்சண்டை மேடையில் அடி வாங்குகிறான். கண் அறுவைச் சிகிச்சைக்குப் பணம் வேண்டும். போதையிலிருந்த கோடீஸ்வரன் 1,000 டொலரைக் கையில் வைக்கிறான். போதை தெளிந்ததும் நாடோடி திருடனாகிறான். பணத்தைப் பூக்காரியிடம் சேர்த்துவிட்டுச் சிறைக்குப் போகிறான்.

மாதங்கள் கழித்து வெளியே வருகிறான். முன்பு கந்தலிலும் ஒரு மிடுக்கு இருந்தது. இப்போது தடியும் இல்லை, மிடுக்கும் இல்லை. பேப்பர் விற்கும் பையன்கள் அவனைச் சீண்டுகிறார்கள். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பூக்கடை. அவளுடைய கடை. கண் தெரிகிறது. காரில் வரும் கனவான்களை எல்லாம் அவன்தானோ என்று பார்த்துக்கொண்டிருப்பவள், இந்தக் கந்தலைப் பார்த்துச் சிரிக்கிறாள். இரங்கிப் போய் ஒரு பூவும் ஒரு நாணயமும் கொடுக்க வெளியே வருகிறாள். நாணயத்தை அவன் உள்ளங்கையில் வைக்கும்போது, அவள் விரல்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

கண்ணும் காதும் தோற்ற இடத்தில் கை அறிந்துகொள்கிறது. பிறகு நடப்பது வெறும் இரண்டு முகங்கள். அவள் மகிழ்ந்தாளா, ஏமாந்தாளா? அவன் சிரிப்பது நம்பிக்கையாலா, வெட்கத்தாலா? சாப்ளின் சொல்லவில்லை. திரை கறுத்துவிடுகிறது. அமெரிக்க விமர்சகர் ஜேம்ஸ் ஏஜி 1949இல் எழுதிய கட்டுரையில், திரையில் பதிந்த நடிப்புகளில் இதற்கு மேல் ஒன்று இல்லை என்ற அளவுக்குப் புகழ்ந்தார். இன்றுவரை அதை மறுக்கத் துணிந்தவர்கள் குறைவு.

மிகை உணர்ச்சி என்று இந்தப் படத்தைக் குறை சொல்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. படம் முழுவதிலும் நாடோடி ஒரு தடவைகூடத் தனக்காக இரக்கம் கேட்பதில்லை. வயிறு காய்ந்தவன் கொடுக்கிறான். கொடுத்தவன் பெயர் வெளியே வராமல் பார்த்துக்கொள்கிறான். இதுதான் 90 ஆண்டுகளைத் தாண்டியும் படத்தை வாட விடாமல் வைத்திருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். பஞ்ச காலத்தில் பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் பக்கத்து வீட்டின் அடுப்பை எரியவைத்தவர்கள் கிராண்ட்பாஸ் தோட்டங்களிலும் இருந்திருப்பார்கள். அந்த மனிதர்களுக்கு இந்தக் கதையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

படம் 1931 ஜனவரி 30இல் லொஸ் ஏஞ்சலிஸில் வெளியானபோது ஐன்ஸ்டீன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பிப்ரவரி 27இல் லண்டனில் பெர்னாட் ஷா. அந்த ஆண்டு செப்டம்பர் 22இல், கிழக்கு லண்டனின் கனிங் டவுன் பகுதியில், இந்திய டொக்டர் ஒருவரின் வீட்டு மாடியில் சாப்ளின் இன்னொருவரைச் சந்தித்தார். வட்டமேசை மாநாட்டுக்கு வந்திருந்த காந்தி. வாசலில் கூட்டம் முட்டி மோதியது. இயந்திரங்களை ஏன் வெறுக்கிறீர்கள் என்று கேட்டார் நடிகர். அரைத்துணிக்காரர் பொறுமையாக விளக்கினார். அந்தப் பேச்சின் சாயலை 1936இல் வந்த 'மொடேர்ன் டைம்ஸ்' படத்தில் காண்பவர்கள் உண்டு.

காந்தியின் பெயரைச் சொல்லி அதற்கு முன்பே கைவிலங்கு மாட்டிக்கொண்ட ஒரு குடும்பம் தூத்துக்குடியில் இருந்தது. நம்முடைய கதை உண்மையில் அவர்களைத் தேடித்தான் வந்துகொண்டிருக்கிறது.

*

அதற்கு முன் கப்பலைக் கரை சேர்த்துவிடுவோம். கொழும்பில் இறங்கிய சாப்ளின் கண்டிக்கும் போய்வந்தார். பிறகு சிங்கப்பூர், பாலித் தீவு, ஜப்பான். 1932 மே 14இல் ஜப்பானில் கால் வைத்தார். மறுநாள் மாலை, இளம் கடற்படை அதிகாரிகள் டோக்கியோவில் பிரதமர் இனுக்காய் சுயோஷியை அவருடைய இல்லத்திலேயே சுட்டுக் கொன்றார்கள். சாப்ளினையும் கொன்றால் அமெரிக்காவோடு போர் மூளும் என்று சதிகாரர்கள் திட்டம் போட்டிருந்தது பின்னர் நீதிமன்றத்தில் வெளிப்பட்டது. சுடப்பட்ட நேரத்தில் சாப்ளின் பிரதமரின் மகனோடு சூமோ மல்யுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மாலைப்பொழுதின் நிகழ்ச்சி மாற்றம், நாடோடியின் உயிரைக் காத்தது.

இப்போது தூத்துக்குடி.

1927 ஆகஸ்ட் 5இல் அங்கே ஒரு கத்தோலிக்கப் பரதவர் குடும்பத்தில் பிறந்தவன் ஜோசப் பிச்சை. வீட்டில் 'பாபு'. தகப்பனார் விடுதலைப் போராட்டக்காரர். 'சுதந்திர வீரன்' என்ற பத்திரிகையை நடத்தியவர். 1929இல் சத்தியாக்கிரகத்தில் இறங்கியதற்காகப் பிரிட்டிஷ் அரசு அவருடைய சொத்தைப் பறித்தது. சிறை மீண்டதும் குடும்பம் இலங்கைக்கு அனுப்பப்பட்டது. தூத்துக்குடிக்காரர்களுக்குக் கொழும்பு அந்நிய ஊரா என்ன? தலைமுறை தலைமுறையாகத் தோணி ஓடிய கடல். ஆனாலும் விரும்பி வருவதும் விரட்டப்பட்டு வருவதும் ஒன்றாகாது.

சிறுவன் படித்த பள்ளிக்கூடம் கிராண்ட்பாஸின் புனித சூசையப்பர் கல்லூரி.

அந்த வட்டாரத்தில் வளர்ந்த ஒரு பிள்ளையின் காதில் ஒரே நாளில் என்னென்ன விழும் என்று எண்ணிப் பார்க்கிறேன். ஆலயத்தில் இலத்தீன் பாட்டு. பறங்கியர் வீட்டு விருந்தில் மேற்கத்திய நடனம், பைலாத் தாளம். ட்ராம் மணியோசை. தூத்துக்குடித் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், சிங்களம், மலையாளம், பள்ளிக்கூடத்து ஆங்கிலம். பின்னாளில் தமிழ்ப் படத்தில் யோட்லிங் என்ற மலைநாட்டுக் குரல் குலுக்கலைப் பாட்டோடு சேர்த்துப் பாடி, கேட்டவர்களைத் திகைக்கவைத்த தொண்டைக்குப் பழக்கம் கொடுத்தது கொழும்புதான் என்பது என் கணிப்பு. சென்னையிலேயே பிறந்து வளர்ந்த நகைச்சுவை நடிகர் எவருக்கும் அந்த உடம்பு இல்லை. மேல்நாட்டு உடையை வேடம் போடாமல் உடையாகவே போட்டுக்கொள்ளும் அந்த இலகு, இலங்கைத் துறைமுக நகரங்களில் வளர்ந்தவர்களுக்குத் தானாக வரும்.

1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. ஜப்பானிய விமானங்கள் கொழும்பின் மேல் குண்டு போட்டன. ஊர் காலியானது. மறு ஆண்டில் பாபுவின் குடும்பமும் சென்னைக்குத் திரும்பியது. திருவல்லிக்கேணியில் வீடு. தகப்பனாருக்குத் 'தினமணி'யில் வேலை. பதினாறு வயதுப் பையனுக்கு நடிப்புப் பித்து. தன் பெயரைத் தானே வைத்துக்கொண்டான்.

சந்திரபாபு.

*

1947இல் 'தன அமராவதி' படத்தில் ஒரு சிறு வேடம் கிடைத்தது. அதன் பிறகு கதவுகள் திறக்கவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலைகாட்டுவதும், பட்டினியோடு ஸ்டூடியோ வாசல்களில் நிற்பதுமாக ஆண்டுகள் போயின. அவர் பெரிதாக நம்பியது ஒரு வாசலை. எஸ்.எஸ். வாசனின் ஜெமினி ஸ்டூடியோ. 1948இல் 'சந்திரலேகா' எடுத்து இந்தியா முழுவதையும் திரும்பிப் பார்க்கவைத்த ஸ்டூடியோ. வாசனைச் சந்தித்துத் தன் திறமையைக் காட்ட ஒரு பத்து நிமிடம் கேட்டார். கிடைக்கவில்லை. மறுபடி போனார். மறுபடியும் இல்லை.

ஒருநாள் ஜெமினி வளாகத்துக்குள்ளேயே அவர் நஞ்சைக் குடித்தார்.

'சிட்டி லைட்ஸ்' படத்தில் சாக வந்தவன் கோடீஸ்வரன். காப்பாற்றியவன் ஒன்றுமில்லாதவன். சென்னையில் ஒன்றுமில்லாதவன் விழுந்து கிடந்தான். ஸ்டூடியோ ஊழியர்கள் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். உயிர் பிழைத்தது. பிழைத்தவர் மேல் வழக்கு வந்தது, அந்தக் காலச் சட்டத்தில் தற்கொலை முயற்சி குற்றம்.

நீதிமன்றத்தில் நடந்ததாகத் திரையுலகத்தில் பலரும் சொல்லிவந்த ஒரு நிகழ்ச்சி உண்டு. ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்ட நீதிபதியின் முன், சந்திரபாபு ஒரு தீக்குச்சியை உரசித் தன் கையைச் சுட்டுக்கொண்டார். நான் சுட்டுக்கொண்டதை நீங்கள் பார்க்கலாம், அந்தச் சூட்டை உணர முடியாது, என் துயரமும் அப்படித்தான் என்றாராம்.

நான் இதைப் படித்த முதல் தடவை, பூக்காரிதான் நினைவுக்கு வந்தாள். பார்ப்பது ஒன்று, உணர்வது ஒன்று என்ற அதே இடைவெளி. ஒருவர் அதை அமெரிக்காவில் இரண்டு ஆண்டு உழைத்துப் படச்சுருளில் பிடித்தார். இன்னொருவர் ஒரு தீக்குச்சியில் பிடித்துவிட்டார். சாப்ளினும் ஏழு வயதில் லண்டன் லாம்பெத் ஏழையர் விடுதியில் அடைபட்டவர், தாயைப் பித்துப் பிடித்த நிலையில் பார்த்து வளர்ந்தவர். மீசையையும் தடியையும் யாரும் கடைக்குப் போய் வாங்கிவிடலாம். சாப்ளினைப் போலச் செய்ய ஆசைப்பட்ட நடிகர்கள் உலகமெங்கும் உண்டு. பசித்த உடம்பின் கௌரவத்தை அவர்களில் எத்தனை பேரால் நடிக்க முடிந்தது?

வாசலைத் திறக்காத வாசன் திறந்தார். 1952இல் வந்த ஜெமினியின் 'மூன்று பிள்ளைகள்' படத்தில் சந்திரபாபுவுக்கு வேடம் கிடைத்தது. தமிழ்நாடு அவரைக் கண்டுகொண்டது.

அப்போதுதான் ஜெமினி ஸ்டூடியோ இன்னொரு முடிவு எடுத்தது. 'சிட்டி லைட்ஸ்' கதையைத் தமிழில் படமாக்குவது. கிராண்ட்பாஸில் வளர்ந்த மனிதர் சாக விழுந்த அதே வளாகத்தில், தெருவில் அலையும் நாடோடியும் கண் தெரியாத பெண்ணும் தமிழ் பேசப் போகிறார்கள். இயக்குநர் கே.ஜே. மகாதேவன். 1939இல் 'தியாக பூமி' படத்தில் கதாநாயகனாக நடித்தவர். பெண்ணாக ஜூனியர் ஸ்ரீரஞ்சனி. நாடோடியின் இடத்தில்?

அந்த வேடம் டி.ஆர். ராமச்சந்திரனுக்குப் போனது. 'சபாபதி' புகழ் ராமச்சந்திரன். உருட்டும் விழிகளும் அப்பாவித்தனமுமாக மக்களைச் சிரிக்கவைத்த நல்ல நடிகர், அவரைக் குறைத்துச் சொல்ல என்னால் ஆகாது. 'ராஜி என் கண்மணி' 1954இல் வெளியானது. 'சந்திரலேகா', 'ஔவையார்' போன்ற பெரு வெற்றிகளின் பட்டியலில் அது சேரவில்லை. என் மனத்தில் படும் காரணம் இது. ஊமைக் கதையை எடுத்துப் பேசவைத்ததும் அந்தக் கதவின் சத்தம் எல்லோருக்கும் கேட்டுவிட்டது. பூக்காரியும் நாமும் பங்கிட்டுக்கொண்ட இரகசியத்துக்கு அங்கே இடம் சுருங்கிப்போயிற்று.

நாடோடியின் கோட்டு அத்தோடு மடித்து வைக்கப்பட்டிருக்கும். நான்கு ஆண்டுகள் கழித்து, 1958இல், பி.ஆர். பந்துலு சிவாஜி கணேசனை வைத்து ஒரு சிரிப்புப் படம் எடுத்தார். பெயர் 'சபாஷ் மீனா'. அதில் சந்திரபாபுவுக்கு இரண்டு வேடம். ஒருவன் நல்ல உடையும் நாசூக்குமாகத் திரிகிற இளைஞன். மற்றவன் அவனைப் போலவே முகமுள்ள, சென்னைத் தெருவில் ரிக்ஷா இழுக்கும் ஏழை. முகம் ஒன்றாக இருப்பதால் ஒருவனை மற்றவன் என்று ஊரார் நினைத்துவிடுகிறார்கள். கந்தல்காரனைக் கனவான் என்று நினைத்த பூக்காரியின் பிழை, ஊர் முழுவதும் பரவினால் என்ன ஆகும்?

ரிக்ஷாவின் கைப்பிடியைத் தூக்கிக்கொண்டு அவர் முதல் அடி வைக்கும் காட்சியோடு அடுத்த வாரம் தொடங்குவோம்.

(தொடரும்)